கடிதமா, வாட்ஸ்அப் குரூப்பா? பாம்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

பரமக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். கீழக்கரைக்காரன் துபாய்க்குப் போய்விட்டான். தோழி தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டாள். இருவர் சென்னையில். பாம்பனை விட்டு நகராதவன் நான் ஒருவன்தான். பத்து வருடம் குரூப்பை மட்டுமே நம்பியிருந்த நான், சமீப காலமாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். என் மனம் கடிதத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தில் குரூப்பை மிஞ்ச எதுவும் இல்லை. புயல் எச்சரிக்கை, சாவுச் செய்தி, ரயில் நேரம் எல்லாவற்றுக்கும் அதுதான். செலவும் பெரிய விஷயமில்லை; இன்லேண்ட் லெட்டரின் விலை இரண்டு ரூபாய் ஐம்பது காசு. பேசிக்கொள்ளலாமே என்றால், அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை. துபாய்க்காரன் குரலைப் பதிவு செய்துதான் அனுப்புவான்.

என்னை மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: எழுதியது தங்குகிறதா? ஓர் ஐப்பசி மழையில் என் போன் நனைந்து செத்துப்போனது. அதே எண்ணைப் புதுப் போனில் போட்டேன். குரூப் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் உரையாடல்களின் நகல் கூகுளில் சேமிக்கப்படும். இந்தச் சேமிப்பு முன்பு கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கில் சேராது. 2024 முதல் அதுவும் அந்த 15 ஜிபிக்குள்தான். என் படங்களே இடத்தை அடைத்துவிட்டதால் சேமிப்பு எப்போதோ நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டேன். ஒருவன் இரண்டு முறை போன் மாற்றியிருந்தான், இன்னொருவன் இடம் போதவில்லை என்று பழையதை அழித்திருந்தான். துபாய்க்காரன் முதல் வெயில் காலத்தில் மொட்டை மாடியில் நின்று பேசி அனுப்பிய குரல் எங்கள் யாரிடமும் இல்லை.

அன்றிரவு பரணிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கினேன். 2004 டிசம்பர் கடைசியில் தோழி எழுதிய இன்லேண்ட் லெட்டர் அப்படியே இருந்தது. "உங்கள் பக்கம் கடல் உள்ளே வந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? அதை மட்டும் முதலில் எழுது." அவசரத்தில் 'கடல்' என்ற சொல்லை அடித்துத் திரும்ப எழுதியிருந்தாள்.

தாளுக்கும் பராமரிப்பு உண்டு, கடற்கரையில் இன்னும் அதிகம். குண்டூசி குத்தக் கூடாது. உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். தகரப் பெட்டியும் அப்படித்தான். நான் நூலால் கட்டி, ஓலைப்பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் உலர்த்தினால் போதும். இருபது வருடத்தில் கரையான் அரித்தது ஒரே ஒரு கடிதக் கட்டைத்தான்.

எழுதும் விதமும் மாறிவிடுகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது குரூப்பில் படம் போட்டேன். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. அதே செய்தியைக் கடிதத்தில் எழுதினேன்: 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு, மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கி மூட்டையோடு பஸ் பிடித்த அம்மா, இனி தீவுக்குள்ளேயே இறங்கலாம் என்று சொன்னதை. சென்னை நண்பனிடமிருந்து நான்கு பக்கம் பதில் வந்தது. பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, கதவருகே நின்ற அவன் சட்டையை அப்பா பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்ததை அவன் எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை.

வெளிநாட்டுக் கடிதத்தில் எனக்கு அனுபவம் குறைவு. அமீரகத்தில் தபால் பெட்டி எண் வேண்டும். நண்பன் தன் நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். அனுப்பிய இரண்டில் ஒன்று சேர்ந்தது. அதனால் அவனுக்கு மட்டும் கடிதத்தைப் படமெடுத்துக் குரூப்பிலும் போடுகிறேன். மூலத்தாளை அவன் பெயர் எழுதிய உறையில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது கொடுக்க.