இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த ஞாயிறு: ஒன்பது வருட செக்யூரிட்டி அப்டேட் அனுபவம்

திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு தையல் யூனிட், ஒரு நூல் கடை, ஒரு மளிகை, ஒரு லேத் பட்டறை. அவர்களுடைய பில், ஜிஎஸ்டி லாகின், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் எங்கள் ஹால் மூலையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. 2016ல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பாவிடம் 2012ல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அதில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் ஓடுகிறது. இரண்டுக்கும் செக்யூரிட்டி அப்டேட் போடுவது 2017 மே மாதத்திலிருந்து என் பொறுப்பு. நடுவில் நான்கு மாதம் தவறிப்போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய ஒரு வருடம் அப்டேட்டே போடவில்லை. கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவர் போகும்போது, "அப்டேட் ஓடினா சிஸ்டம் ஸ்லோ ஆயிடுங்க, ஆஃப் பண்ணி வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் திருட்டு நிரல், பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன, கிட்டத்தட்ட 150 நாடுகளில் பாதிப்பு என்று செய்தி வந்தது. மறுநாள் காலையிலேயே நூல் கடைக்காரர் போன் செய்தார். "ஏனுங்கக்கா, நம்ம கணக்கெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அன்று உட்கார்ந்து படித்ததில் ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்து அப்டேட் கொடுத்திருந்தது. நடுவில் 59 நாள் இருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பங்கு அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். என்னுடையது விண்டோஸ் 10 என்பதால் அன்று எனக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் அந்த மார்ச் அப்டேட் என் கம்ப்யூட்டரிலும் இல்லை.

அப்டேட் வந்த பிறகு தள்ளிப்போடுவது, அப்டேட் வருவதற்கு முன் இருந்ததைவிட ஆபத்தான நிலை. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழைய பேரேட்டையும் திருத்திய பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியில் தப்பு இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். திருடர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பழைய ஃபைலையும் அப்டேட்டில் வந்த புது ஃபைலையும் ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது, அப்படியானால் ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த ஓட்டை, அப்டேட் வெளியான அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. "பழசு நல்லா ஓடிட்டிருக்கு, எதுக்கு அதைத் தொடணும்?" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். விண்டோஸுக்கான செக்யூரிட்டி அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். அமெரிக்க நேரப்படி காலையில் வெளியாவது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. ஆக, புதன் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது காத்துக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வருடம் இந்த நாள்தான் எனக்குப் பெரிய தலைவலி. இரண்டாவது செவ்வாய் 8ம் தேதியிலிருந்து 14க்குள் வரும். விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11ம் தேதி. ரிட்டர்ன் வேலை மும்முரமாக இருக்கும்போதுதான் ரீஸ்டார்ட் கேட்கும். தள்ளிவைப்பேன், மறுபடி கேட்கும், மறுபடி தள்ளுவேன். அப்புறம் 20ம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு உட்காரும்போது எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். ஒருநாள் காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்து வரும் ஞாயிறு எப்போதும் 13க்கும் 19க்கும் இடையில்தான் விழுகிறது. ஜிஎஸ்டிஆர்-1 முடிந்திருக்கும், 3பிக்கு ஒரு நாளாவது மிச்சம் இருக்கும். அன்றிலிருந்து அந்த ஞாயிறு மத்தியானம் அப்டேட்டுக்கு என்று வைத்துவிட்டேன். தினசரி காலண்டர் தாளிலேயே பென்சிலில் குறித்துவைக்கிறேன். புதனிலிருந்து நான்கே நாள் தாமதம். அந்த நாட்களில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஆக்டிவ் ஹவர்ஸைக் காலை 8 முதல் இரவு 11 வரை வைத்திருக்கிறேன். அவசர ஓட்டை என்று செய்தி வந்தால் மட்டும் ஞாயிறு வரை காத்திருப்பதில்லை. 2021 ஜூலையில் பிரிண்டர் சேவை வழியாக நுழையும் பிரின்ட்நைட்மேர் வெளியானபோது மாத அப்டேட்டுக்குக் காத்திராமல் தனியாகவே அப்டேட் விட்டார்கள். அதை அன்றிரவே போட்டேன்.

இப்போது அந்த நான்கு மாதத்துக்கு வருகிறேன். 2018ல் எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் வேலை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. மாத அப்டேட்டே சில நூறு எம்பி ஆகும் என்பதால், அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்தேன். அப்படிக் குறித்தால் பெரும்பாலான அப்டேட்டுகளை விண்டோஸ் தானாக இறக்காது. நாமே போய் டவுன்லோட் அழுத்த வேண்டும். பிறகு நான் அதை மறந்தே போனேன். அப்டேட் ஆன் செய்துதானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். தற்செயலாக அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தபோது கடைசித் தேதி நான்கு மாதத்துக்கு முந்தையதாக இருந்தது. அதைப் பார்த்ததும் கை ஜில்லிட்டுப் போனது. அன்றிலிருந்து, போட்டு முடித்த பிறகு ஹிஸ்டரியில் அந்த மாதத் தேதி வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் இந்த ஒன்றைத் தயவுசெய்து இன்றே பாருங்கள்.

மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019ல் ஒரு ஞாயிறு. நீலத் திரை, சுற்றும் புள்ளிகள், கீழே 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை. 27 சதவீதத்தில் நிற்கும்போது கரன்ட் போனது. யுபிஎஸ் 'பீப் பீப்' என்று இரண்டு தடவை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. மூன்று வருடப் பழைய பேட்டரி. உள்ளே தண்டமாகிக் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் இருட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து பேருடைய கணக்கு அதற்குள் இருக்கிறது. கரன்ட் வந்ததும் பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது, புள்ளிகள் சுற்றின, ரொம்ப நேரம் அப்படியே நின்றது. பிறகு செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று ஒரு வரி. நாற்பது நிமிடம் அதிலேயே ஓடியது. கடைசியில் டெஸ்க்டாப் வந்தது, ஃபைல் ஒன்றும் போகவில்லை. பாதியில் அறுந்தால் பழைய நிலைக்குத் தானே திரும்பிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது என்பதை அன்று நேரில் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது. அடுத்த நாளே யுபிஎஸ்ஸுக்குப் புது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி மாற்றினேன். இப்போது அப்டேட்டை ஆரம்பிக்கும் முன், வேறு எதுவும் திறந்திராத நேரத்தில் யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் தாங்கினால் மேலே போகிறேன்.

அதோடு, ஆரம்பிப்பதற்கு முன் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். கழற்றுவது முக்கியம். ரேன்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. 2021ல் 240 ஜிபி எஸ்எஸ்டி மாற்றி, ராமை 8 ஜிபி ஆக்கினேன். இப்போது ரீஸ்டார்ட் உட்பட இருபது நிமிடம் தாண்டுவதில்லை. 'அப்டேட் ஸ்லோ ஆக்கிவிட்டது' என்று நான் அதுவரை நினைத்ததெல்லாம் டிஸ்க்கின் வேகக் குறைவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு அல்லாடுபவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். ஒன்பது வருடத்தில் அப்டேட்டால் வந்த தொந்தரவு என்று கணக்குப் பார்த்தால் ஒருமுறை பிரிண்டர் நின்றது மட்டும்தான். பிரிண்டரின் டிரைவர் மிகப் பழையது. புதிதை இறக்கிப் போட்டதும் சரியானது. மாதக் கடைசியில் 'விருப்பமிருந்தால்' என்று வருகிற முன்னோட்ட அப்டேட்டுகளை நான் தொட்டதே இல்லை. அடுத்த மாத அப்டேட்டில் அது எப்படியும் சேர்ந்து வந்துவிடும்.

அப்பாவின் மின்ட் அனுபவம் வேறு மாதிரி. கீழே பட்டையில் ஒரு சின்னக் கேடயம் இருக்கும். அப்டேட் வந்தால் அதில் புள்ளி தெரியும். அழுத்தி, பாஸ்வேர்ட் கொடுத்தால், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏறிவிடும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் மாறினால் மட்டும் ரீஸ்டார்ட் கேட்கும். பிரவுசர், பிடிஎஃப் பார்க்கும் புரோகிராம் எல்லாமே ஒரே இடத்தில் அப்டேட் ஆவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி, அப்டேட்டுக்கு முந்தைய நிலையைப் படம் பிடித்ததுபோல் வைத்துக்கொள்கிறது. ஏதாவது கோளாறானால் அந்த நாளுக்குத் திரும்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டைம்ஷிஃப்ட் வழக்கமாக எடுப்பது சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான். போட்டோ, டாக்குமென்ட்டுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

அப்பாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருப்பது ஒன்று உண்டு. வெப்சைட் பார்க்கும்போது நடுவில் குதித்து வந்து 'உங்கள் கம்ப்யூட்டர் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று சொல்வது அப்டேட் இல்லை, திருட்டு. உண்மையான அப்டேட் செட்டிங்ஸிலோ அந்தக் கேடயத்திலோதான் வரும். போன் போட்டு யாரும் அப்டேட் போடச் சொல்ல மாட்டார்கள். போன வருடம் அப்படி ஒருவர் அழைத்தபோது அப்பா, "எம்பொண்ணு ஞாயித்துக்கெழம போடுவாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாராம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்று அந்த எண்ணையும் லேப்டாப் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பிரவுசரைப் பற்றி நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் முப்பது டேப் திறந்து, மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பேன். பிரவுசர் அப்டேட்டைத் தானாகவே இறக்கிக்கொள்ளும். ஆனால் மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைப் படிக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடித்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அவசர அப்டேட் விட்டன. கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே போதும் என்ற அளவுக்கு ஆபத்து. அதன்பிறகு ஒவ்வொரு இரவும் பிரவுசரை முழுதாக மூடிவிட்டுத்தான் படுக்கிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என் ஆறாம் தலைமுறை அதில் சேராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்களின் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்து, செலவில்லாமல் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்துகொண்டேன். விண்டோஸ் 10ன் கடைசிப் பதிப்பான 22எச்2வில் இருந்ததால் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்ய முடிந்தது. இது 2026 அக்டோபர் 13 வரை. மாத அப்டேட் முன்புபோலவே வருகிறது, ஞாயிறு மத்தியானமும் முன்புபோலவே நடக்கிறது.

ஆயுத பூஜைக்குத்தான் புதுச் சாமான் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் அதுவரை காத்திருந்தால் தேதி தாண்டிவிடும். அதனால் ஆடித் தள்ளுபடியிலேயே புதிதை வாங்கிவிடலாம் என்று மாதம் கொஞ்சமாகப் பணம் எடுத்துவைக்கிறேன். செப்டம்பர் முழுவதும் இரண்டிலும் ஒரே கணக்கைப் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் புதியதில் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். பழைய ஐ3யில் மின்ட் போட்டு ஹால் மூலையிலேயே விட்டுவிடுவேன். அப்பா அந்தப் பெரிய திரையை இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்.