சிங்கப்பூர் இ-பாஸ் ரிஜெக்ட்: அப்பீலா, புது விண்ணப்பமா, எஸ் பாஸா?

சிங்கப்பூரில் நிபுணர், மேலாளர் நிலை வேலைக்கான அனுமதியான இ-பாஸ் ரிஜெக்ட் ஆனதும் ஏஜென்ட் வாயில் முதலில் வருவது, "அப்பீல் போட்டுப் பார்ப்போம்." போட்டுப் பார்க்க அது லாட்டரிச் சீட்டு இல்லை. நிராகரித்த காரணத்துக்குப் பதில் சொல்லும் புது ஆவணம் இல்லாத அப்பீல், அநேகமாக அதே பதிலோடுதான் திரும்பி வரும். ஆகவே முதலில் மனிதவள அமைச்சு அனுப்பிய நிராகரிப்புக் குறிப்பைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பித்தது கம்பெனி, அப்பீல் போட வேண்டியதும் கம்பெனியோ அதன் ஏஜென்சியோதான். நீங்களாகப் போட வழியில்லை.

குறிப்பு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஓட்டை உங்கள் பக்கமா, கம்பெனி பக்கமா?

சம்பளத்திலேயே பலர் விழுகிறார்கள். 2025 ஜனவரி முதல் இ-பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித் துறைக்கு 6,200. ஆனால் 5,600 என்பது 23 வயதுக்காரர் கணக்கு. வயது ஏற ஏற அதுவும் ஏறி, 45 வயதில் 10,700-ஐத் தொடும். 36 வயதுக்காரருக்கு 5,600 போட்டு அனுப்பினால் இ-பாஸ் விண்ணப்பத்தை எடைபோடும் காம்பஸ் என்ற மதிப்பெண் முறை வரை போகாமலே கதை முடிந்தது. ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும் முடியாது, நிலையான மாதச் சம்பளம்தான் எடுபடும்.

அதைத் தாண்டினால் காம்பஸில் 40 மதிப்பெண் வேண்டும். சம்பளம், படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டவர் பங்கு, உள்ளூர்க்காரர் பங்கு என நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. ஒரு கணக்கு பார்ப்போம். நிபுணர், மேலாளர் நிலையில் 50 பேர் உள்ள கம்பெனி, அதில் 15 பேர் இந்தியர். 30 சதவீதம் ஆகிறது. 25-ஐத் தொட்டாலே அந்தத் தலைப்பில் 0. உள்ளூர்க்காரர் பங்குக்கு 10, சம்பளத்துக்கு 10, சரிபார்த்த பட்டத்துக்கு 10. மொத்தம் 30. பத்து குறைகிறது.

இந்த நிலையில் அப்பீல் எடுபடுமா? சம்பளத்தை அந்தத் துறையின் மேல் 10 சதவீதத்துக்குள் உண்மையாகவே உயர்த்தினால் 20 வரும். அல்லது வேலை, ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்து, முதலில் அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் கூடுதல் மதிப்பெண் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் அப்பீல் வீண். பதினைந்து இந்தியரைப் பத்தாக்க உங்களால் ஆகாது. அப்போது வேறு கம்பெனி தேடுவதே மேல். நிபுணர், மேலாளர் நிலையில் 25 பேருக்குக் குறைவாக உள்ள கம்பெனிக்கு அந்த இரண்டு பங்குத் தலைப்பிலும் தானாகவே 10 கிடைக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

அப்பீலுக்கு வாகான கேஸ், பட்டச் சான்று சரிபார்ப்பு இல்லாமல் போன விண்ணப்பம். பல்கலைக்கழகம் கொடுத்த மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதாது. சரிபார்ப்பு நிறுவனம் தரும் அறிக்கை வேண்டும். அதைச் சேர்த்து, நிராகரித்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும். சம்பளத்தைப் பேப்பரில் மட்டும் ஏற்றி, மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கும் 'ஏற்பாட்டுக்கு' மட்டும் தலையாட்டாதீர்கள். பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

3 மாதம் கடந்துவிட்டால் புது விண்ணப்பம்தான். மறுபடி 105 வெள்ளி. ரிஜெக்ட் ஆனால் அது திரும்பாது. வேலையோ சம்பளமோ மாறியிருந்தால், மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரத்தையும் கம்பெனி புதிதாகப் போட வேண்டியிருக்கும் (பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனிக்கு விலக்கு உண்டு). விளம்பரத்தில் ஒரு சம்பளம், விண்ணப்பத்தில் வேறு சம்பளம் என்றால் அதுவே அடுத்த ரிஜெக்டுக்குக் காரணமாகும்.

எஸ் பாஸ், அதாவது இடைநிலைத் திறனாளருக்கான வேலை அனுமதி, இறங்கு படிதான், ஆனால் கேவலம் இல்லை. 2025 செப்டம்பர் முதல் மாதச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி; இதுவும் வயதோடு ஏறும். காம்பஸ் கிடையாது. பதிலுக்குக் கோட்டா உண்டு: சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவீதம், கட்டுமானம், உற்பத்தி போன்றவற்றில் 15. கோட்டா நிரம்பியிருந்தால் உங்கள் தகுதி என்னவானாலும் கதவு மூடியதுதான், அதனால் பேச்சைத் தொடங்கும்போதே "கோட்டா காலியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு எஸ் பாஸ்காரருக்கும் மாதம் 650 வெள்ளி லெவியும் (அரசுக்குச் செலுத்தும் வரி) கம்பெனி கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம்.

குடும்பத்தை அழைத்துப்போக முடியாதே என்று எஸ் பாஸை ஒதுக்குகிறவர்கள் உண்டு. மனைவி, பிள்ளைகளை அழைக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். அது இரண்டு பாஸுக்கும் ஒன்றுதான். 5,600 வெள்ளி இ-பாஸ் கிடைத்திருந்தாலும் தனியாகத்தான் போயிருப்பீர்கள்.