கல்மண்டபம் உளவு வகுப்பு: போகலாமா, எந்த வாரம் போகலாம்?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில், உளவு வேலைகள் எங்கெங்கே எப்படிச் சொதப்பின என்று ஞாயிறு சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்கிறது. ஆளுக்கு 150 ரூபாய், இரண்டு மணி நேரம், நடுவில் டீயும் சுண்டலும். நடத்துகிறவர் துறைமுகத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லா வாரமும் ஒரே தரத்தில் இல்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு யூடியூபில் பஞ்சமே இல்லை. பூனையின் உடம்புக்குள் மைக் வைத்துத் தைத்த கதையிலிருந்து எல்லாமே சிரிப்பு மூட்டத்தான் சொல்லப்படுகிறது. சார் அப்படிச் சொல்வதில்லை. மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவன் பெயரைச் சொன்ன கையோடு, அந்தத் தப்புக்குக் கீழே யார் செத்தார்கள் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். நான் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுதான் காரணம்.

நெதர்லாந்து வாரத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்துக்குள் லண்டனிலிருந்த பிரிட்டிஷ் உளவு அமைப்பு தன் ஆட்களைப் பாராசூட்டில் இறக்கிக்கொண்டிருந்தது. ஹூப் லாவர்ஸ் என்ற ரேடியோக்காரர் 1942 மார்ச்சில் ஹேக் நகரத்தில் பிடிபடுகிறார். தொடர்ந்து லண்டனுக்குச் செய்தி அனுப்பு என்று ஜெர்மன்காரர்கள் நெருக்குகிறார்கள், அவரும் சம்மதிக்கிறார், ஏனென்றால் அவரிடம் ஒரு ரகசிய அடையாளம் இருந்தது. 16ஆவது எழுத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை வைக்க வேண்டும், பிழை இல்லாமல் செய்தி வந்தால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று லண்டன் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே சார் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, 16ஆவது எழுத்தைத் தப்பாக எழுதி ஒரு செய்தி தயார் பண்ணச் சொல்கிறார். சிலரிடம் மட்டும் பிழை வைக்காதீர்கள் என்று காதோடு காதாகச் சொல்லிவிடுகிறார். சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த பிளஸ் டூ பெண் விரலால் எழுத்தை எண்ணிக்கொண்டே போய், "அண்ணா, இதுல தப்பே இல்ல, நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்று உடனே சொல்லிவிட்டாள். சார் அப்போதுதான் பேச ஆரம்பித்தார்: லண்டனிலும் பிழை இல்லை என்பதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அந்தச் செய்தியை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். போதாக்குறைக்கு லாவர்ஸ், பிடிபட்டேன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே துண்டு துண்டாகச் செய்திக்குள் நுழைத்து அனுப்பினார். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், இறங்குகிற இடத்தில் ஜெர்மன்காரர்கள் விளக்கைக் காட்டி வரவேற்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள் மாட்டினார்கள், பெரும்பாலானவர்களைக் கொன்றுவிட்டார்கள்.

டூர்லைன், உபிங்க் என்ற இரண்டு பேர் 1943இல் சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்து வழியாக எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களைப் பிடித்துப் பிரிக்ஸ்டன் சிறையில் போட்டார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஜெர்மன் பக்கம் போய்விட்டார்கள் என்று, கையில் இருந்த அதே ரேடியோவில் ஜெர்மன்காரர்கள் முன்கூட்டியே லண்டனுக்குச் சொல்லி வைத்திருந்ததுதான் காரணம். ஹாலில் ஒருவர் கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டார். சார் வாழ்நாளெல்லாம் ரேடியோவோடு இருந்தவர் என்பதால், செய்தி அனுப்பும் கருவியை ஒருவன் தட்டும் விதத்தை வைத்தே ஆள் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதையெல்லாம் மேஜையில் தட்டிக் காட்டுகிறார். இதை வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நம்ம ஊர் வாரம் இன்னொரு ரகம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்தில் பர்மா ஆயில் டாங்கிகளைச் சுட்டது எல்லோருக்கும் தெரியும், அன்று ஊர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு சார் சீக்கிரம் 1942க்கு வந்துவிடுகிறார். அந்த ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ்தான், கப்பற்படை வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தகவல் பரவியது, அது பொய்த் தகவல். ஜப்பான் கப்பல்கள் திருகோணமலையோடு திரும்பிப் போய்விட்டன. அதற்குள் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம் அலுவலகங்களை வெளியூருக்கு மாற்றியது, ஜனங்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள், சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். வராத கப்பலுக்காக.

அப்புறம் வந்தவர்கள் பேசினார்கள். பழைய வண்ணாரப்பேட்டை அம்மா ஒருவர், தன் மாமியார் கைக்குழந்தையோடு மாட்டு வண்டியில் பொன்னேரிப் பக்கம் போய், ஊர் அடங்கியதும் திரும்பி வந்தால் வீட்டில் பாத்திரம் பண்டம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று சொன்னார். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் எங்க அப்பா எங்கேயும் போகவில்லை, படகை விட்டுவிட்டு எங்கே போவது என்றார். சார் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

யாழ்ப்பாண வாரத்துக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். 1987 அக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்திய ராணுவம் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கியது. ரேடியோப் பேச்சைப் புலிகள் முன்பே ஒட்டுக்கேட்டுத் தயாராக இருந்தார்கள். சீக்கியப் படைப்பிரிவிலிருந்து இறங்கிய 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நம் ஊரில் இதைப் பேசினால் உடனே கட்சி கட்டிச் சண்டையாகிவிடும். சார் எந்தப் பக்கமும் சாயாமல், என்ன தெரிந்திருந்தது, யாருக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொன்னார். அந்தப் பக்குவத்துக்காகவே அவரை மதிக்கிறேன்.

லில்லேஹாமர் சம்பவம் ஒரு வாரத்தின் பாதியில் வருகிறது. 1973 ஜூலையில் நார்வேயின் லில்லேஹாமர் ஊரில் இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட்டின் ஆட்கள் அகமது பூச்சிக்கி என்ற மொராக்கோ ஹோட்டல் சர்வரை, தாங்கள் தேடிய பாலஸ்தீன ஆயுதக் குழுத் தலைவர் அலி ஹசன் சலாமே என்று நினைத்து, கர்ப்பிணி மனைவியின் கண் முன்னாலேயே சுட்டுக் கொன்றார்கள். தப்பிப் போன அதே வாடகைக் காரில் திரும்ப விமான நிலையம் போய் மாட்டினார்கள். நன்றாகத்தான் சொன்னார், இன்னும் கொஞ்ச நேரம் எடுத்திருக்கலாம்.

இப்போது குறைகள். கியூபா வாரம் இழுவை. 1961இல் கியூபாவைப் பிடிக்க அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ஆட்களை இறக்கிய பன்றிகள் விரிகுடாவில், விமானப் படத்தில் தெரிந்த பவளப்பாறையைக் கடற்பாசி என்று நினைத்துப் படகுகளை அனுப்பியது பிரமாதமான விஷயம், அதற்கு ஐந்து நிமிடம், அமெரிக்க அரசியலுக்கு ஒரு மணி நேரம். கார்கில் அதற்கு நேர்மாறு, அவசர அவசரமாக முடிந்துவிட்டது. ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் ஆடு மாடு மேய்க்கிறவர்கள், பிறகு எங்கே தப்பு நடந்தது என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்க வேண்டாமா? கொடுக்கிற ஜெராக்ஸில் மேப் பொடி எழுத்தில் இருக்கிறது, வயதானவர்கள் படிக்கவே முடியாது. பெண்களுக்கு டாய்லெட் கீழ் வீட்டில்தான், சாவி கேட்டு வாங்க வேண்டும். 150 ரூபாய் வாங்கும்போது இதைச் சரி செய்தே ஆக வேண்டும்.

வருகிறவர்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடியுங்கள். ஞாயிறு சாயங்காலம் எம்.சி. ரோடு பக்கம் வண்டியைக் கொண்டுவந்தால் துணி வாங்குகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தரை என்றால் ஐந்தே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கிறார், ஆனால் ஐந்தரைக்கே முன்வரிசை நிரம்பிவிடுகிறது, பின்னால் ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழாது. எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், யாழ்ப்பாண வாரத்துக்கு மட்டும் வேண்டாம். வீட்டில் 1942ஐப் பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இருந்தால் நம்ம ஊர் வாரத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள், அவர்களிடம் சார் காசு வாங்குவதில்லை.