ஒரு லிட்டருக்கான பொட்டலம்: ஏழாம் மாதத்தில் எனக்குக் கைகொடுத்த ஓ.ஆர்.எஸ். தூள்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த இரண்டு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தபோது, எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் குழாயில் வந்த தண்ணீர் கலங்கி, ஒருவித வாடையுடன் இருந்தது. குடிப்பதற்குக் காய்ச்சினோம் என்றாலும், பாத்திரம் கழுவியதும் வாய் கொப்பளித்ததும் அதே தண்ணீரில்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி தொடங்கியது. பொழுது புலர்வதற்குள் நான்கு முறை போயாயிற்று, இரண்டு முறை வாந்தியும் எடுத்தேன். அன்று என்னைத் தேற்றியது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அளவுப்படி தயாரிக்கப்பட்ட சாதாரண ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து குடிக்கும் தூள்) பொட்டலம். மற்ற கர்ப்பிணிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அதன் நிறையையும் குறையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்கு வந்தது அந்தப் பொட்டலம் அல்ல. ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று கேட்ட என் கணவரிடம் ஒரு மருந்துக்கடையில் ஆப்பிள் வாசனையுள்ள அட்டைப்பெட்டிப் பானங்கள் மூன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியின் மேலும் ஓ.ஆர்.எஸ். என்றே அச்சிட்டிருந்ததால் எங்களுக்குச் சந்தேகம் எழவில்லை. ஒரு பெட்டியைக் குடித்து முடித்த பிறகு வயிற்றுப்போக்கு இன்னும் மிகுதியானது. பிறகுதான் காரணம் புரிந்தது. அத்தகைய பானங்களில் சர்க்கரை அளவுக்கு மீறி இருக்கிறது. குடலில் சேரும் மிகையான சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை மேலும் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப் பின்பற்றாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் அன்றைய காலைப் பொழுது எனக்கு அவ்வளவு கடுமையாகக் கழிந்திருக்காது.

பத்து மணிக்கு எங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரை அழைத்துக் கேட்டபோது, "தூள் பொட்டலம் வாங்கச் சொல்லும்மா, பின்பக்கம் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்" என்றார். அந்தப் பொட்டலத்தில் உள்ளவை நான்கே பொருள்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். குளுக்கோஸ் சேர்ப்பது சுவைக்காகவோ தெம்புக்காகவோ அல்ல; சிறுகுடலின் சுவர் உப்பிலுள்ள சோடியத்தையும் குளுக்கோஸையும் கைகோத்தபடி உள்ளே எடுத்துக்கொள்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உடம்புக்குள் செல்கிறது. பேதியாகிக்கொண்டிருக்கும் நேரத்திலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காத்தது இந்த வழியால்தான்.

குடித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். ஆரஞ்சு வாசனையுள்ள பொட்டலத்தின் நெடி எனக்குக் குமட்டலைக் கூட்டியது. வாசனை சேர்க்காத தூள், கண்ணீரின் உவர்ப்பும் மிக மெல்லிய இனிப்புமாக, தொண்டையில் தங்காமல் இறங்கியது. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, அத்தை ஒரு தேக்கரண்டியால் நிமிடத்துக்கு ஒரு வாயாகப் புகட்டினார். தம்ளரோடு குடிக்க முயன்றபோது வெளியே வந்த அதே நீர், கரண்டியால் கொடுத்தபோது வயிற்றில் நின்றது. மாலைக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் உள்ளே போயிருந்தது. நாக்கில் ஈரம் திரும்பியது; காலையில் கருமஞ்சளாகப் போன சிறுநீர் வெளுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதியம் வரை கல்லாக இறுகி இறுகித் தளர்ந்துகொண்டிருந்த அடிவயிறு அடங்கியது. உடலில் நீர் வற்றினால் கருப்பை இப்படி இறுகக் கூடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் குடல் மெதுவாக இயங்குவதால் நம்மில் பலருக்கு மலச்சிக்கலே வாடிக்கையாக இருக்கிறது. ஆகவே திடீரென்று பேதியானால், வயிறு சுத்தமாகிறது என்று யாரும் ஆறுதல் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

இந்தத் தூள் பேதியை நிறுத்தாது. இதை அறியாமல்தான் பலரும் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது மட்டுமே இதன் வேலை. எனக்குப் பேதி நின்றது மறுநாள் இரவில்தான். அதற்கிடையே பேதியை அடைக்கும் மாத்திரை ஒன்றை அக்கம்பக்கத்தார் பரிந்துரைத்தார்கள். மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணி அதைத் தொடக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டினியும் கிடக்கவில்லை: குழைந்த சோற்றில் மோர் விட்டு, கொஞ்சம் உப்பிட்டு மூன்று வேளை சாப்பிட்டேன். மலத்தில் இரத்தம், காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுந்தால் தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைதல், வயிறு விட்டுவிட்டு இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொட்டலத்தை நம்பி வீட்டில் இருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிறு இறுகிய அன்று மதியமே நானும் கிளம்பியிருக்க வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தது என் தவறு. கர்ப்ப காலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் குளுக்கோஸ் இருப்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விலையில் குறை சொல்ல இடமில்லை. நாங்கள் வாங்கிய பொட்டலம் 20 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. என் குறையெல்லாம் அச்சைப் பற்றியது. ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடையில் அருகருகே இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர் என்பதைப் பின்பக்கம் எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார்கள். எழுபது வயதான அத்தை, பதற்றத்தில், பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே தம்ளரில் கொட்டிக் கலக்கி நீட்டினார். முதல் வாயிலேயே கடல் தண்ணீர் போலக் கரித்ததால் நான் துப்பிவிட்டேன். அவ்வளவு செறிந்த உப்புநீர் உள்ளே போயிருந்தால் நன்மைக்குப் பதில் தீங்குதான் நேர்ந்திருக்கும். அதேபோல், பாதித் தூளை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் என்று கண்ணளவில் பிரிப்பதும் சரியல்ல; காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்கி, மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரையோ பழச்சாறோ பாலோ சேர்க்கக் கூடாது.

தண்ணீரின் அளவைப் பொட்டலத்தின் முகப்பிலேயே, பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நான்கு பொட்டலங்களின் மேலும் அத்தை தம் கையாலேயே நீல மையில் "ஒரு லிட்டர், முழுசா" என்று எழுதி வைத்திருக்கிறார்.