பம்ப் மோட்டருக்கு கரண்ட் பாக்க கிளாம்ப் மீற்றரோ, சாதா மல்ரிமீற்றரோ?

பரந்தன், விசுவமடு பக்கம் தோட்டம் செய்யிற ஆக்கள் அடிக்கடி கேக்கிறது இதுதான், பம்ப் எவ்வளவு அம்பியர் இழுக்குதெண்டு பாக்க கையில கிடக்கிற சாதா மீற்றர் காணுமோ, இல்லாட்டி வயரைச் சுத்திப் பிடிச்சுப் பாக்கிற கிளாம்ப் வாங்கோணுமோ எண்டு. நான் கிளாம்ப் எண்டுதான் சொல்லுவன்.

சாதா மீற்றரில அம்பியர் பாக்கிறதெண்டால் வயரைக் கழட்டி மீற்றரை நடுவில குடுக்கோணும், பம்புக்குப் போற முழுக் கரண்டும் அதுக்குள்ளாலதான் போகும். 1 குதிரைவலு மோட்டர் ஓடேக்க 5, 6 அம்பியர் எடுக்கும், ஆனால் சுவிச்சைப் போட்ட உடன அதைப்போல சில மடங்கு இழுக்கும், மீற்றருக்குள்ள கிடக்கிற 10 அம்பியர் பியூஸ் அதைத் தாங்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, அம்பியர் பாக்க 10 அம்பியர் ஓட்டையில குத்தின லீட்டை, அதாவது மீற்றரால தொட்டுப் பாக்கிற வயரை, திரும்ப வோல்ற் ஓட்டைக்கு மாத்த மறக்கிறது. அந்த 10 அம்பியர் ஓட்டைக்கு உள்ள கிடக்கிறது கிட்டத்தட்ட வெறும் கம்பிதான். ஒருநாள் சிவப்பு லீட்டை அதிலேயே விட்டிட்டு வோல்ற் பாக்கப் போய் லைவிலயும் நியூட்ரலிலயும் தொட்டிட்டன், நேரா சோட், டப்பெண்டு நெருப்பு பறந்து லீட் நுனி உருகி மிளகளவு கறுத்த உருண்டையா நிண்டுது. கை தப்பினது கடவுள் புண்ணியம். மலிவான சில மீற்றரில அந்த ஓட்டைக்கு பியூஸே இல்லை, பக்கத்தில எழுதியிருப்பாங்கள், வாங்கேக்க வடிவா வாசியுங்கோ.

கிளாம்பில உந்தப் பிரச்சினை இல்லை, வாயைத் திறந்து வயரைச் சுத்திப் பிடிச்சால் காணும், ஒண்டையும் கழட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு வயரைத்தான் பிடிக்கோணும். கேபிளை முழுசாப் பிடிச்சுப்போட்டு மீற்றர் பழுது எண்டு கொண்டு வந்தவையும் இருக்கினம், போற கரண்டும் வாற கரண்டும் ஒண்டையொண்டு வெட்டி 0 காட்டும் எல்லோ. உதிலயும் ஒரு நன்மை இருக்கு, லைவையும் நியூட்ரலையும் சேத்துப் பிடிக்கேக்க 0 வராமல் ஏதும் காட்டினால் கரண்ட் எங்கயோ எர்த்துக்கு ஒழுகுதெண்டு அர்த்தம். கிணத்துக்குள்ள இறக்கின மோட்டரெண்டால் உடன நிப்பாட்டுங்கோ, தண்ணியில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.

சோலர் பம்ப் வைச்சிருக்கிறவை கவனிக்கோணும், விலை குறைஞ்ச கிளாம்புகள் ஏசி கரண்ட் மட்டும்தான் பாக்கும், பனலிலயிருந்து வாற டிசி கரண்டுக்கு 0 எண்டுதான் நிக்கும், அதை நம்பி வயரில கரண்ட் இல்லையெண்டு கழட்டினால் டிசி நெருப்பு லேசில அணையாது. கொஞ்சம் காசு கூடினாலும் ஏசி, டிசி ரெண்டும் பாக்கிறதா எடுங்கோ.

சின்னச் சின்னக் கரண்ட், ரேடியோ, போர்ட் வேலையெண்டால் சாதா மீற்றர்தான் திறம், அதில கிளாம்ப் சரிவராது.

எதை வாங்கினாலும் வீட்டு மெயின் போர்ட்டில கை வைக்கிறதெண்டால் கேட் 3 (CAT III, எந்த இடத்தில பாவிக்கலாமெண்டு சொல்லுற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ற் எண்டு மீற்றரிலயும் லீட்டிலயும் போட்டிருக்கோணும், கேட் 2 பிளக்கில கொழுவிற சாமானுக்குத்தான். கிளாம்பெண்டாலும் வோல்ற் பாக்கிறது லீட்டாலதான், லீட் வெடிச்சிருந்தால் எறிஞ்சுபோடுங்கோ. ஈரத்தில வெறுங்காலோட நிக்காதேங்கோ. வயரில கைபோட முதல் கரண்ட் இருக்கிற பிளக்கில மீற்றரை ஒருக்கா வைச்சு 230 காட்டுதோ பாத்து, பிறகு வேலை செய்யிற இடத்தில பாத்து, திரும்பவும் அந்த பிளக்கில பாருங்கோ, இடையில மீற்றர் பற்றரி செத்திருந்தாலும் அப்பதான் பிடிபடும்.