ஜோர்டானா, லெப்ரானா: கோப்பைக்குப் பின்னால் யார்?

சேலத்தில் மாலை கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து தட்டுவடை செட் கடையில் நிற்கும் பசங்களிடம் ஓயாத வழக்கு இது: அமெரிக்காவின் NBA லீகில் மைக்கேல் ஜோர்டான் பெரியவரா, லெப்ரான் ஜேம்ஸ் பெரியவரா? “ஜோர்டானுக்கு ஆறு கோப்பைண்ணா, அதுக்கு மேல என்ன?” என்பான் ஒருவன். சரி, ஆனால் கூட நின்றவர்களையும் பார்க்க வேண்டும்.

பயிற்சியாளர்
ஜோர்டான்: ஆறுக்கும் ஒரே ஆள், ஃபில் ஜாக்சன்.
லெப்ரான்: அவருடைய நான்கு கோப்பைக்கு மூன்று பேர்: ஸ்போல்ஸ்ட்ரா, டைரன் லூ, ஃபிராங்க் வோகல். இதில் லூ பாதி சீசனில் பொறுப்பேற்றவர்.

கூட்டாளிகள்
ஜோர்டான்: ஆறிலும் பிப்பென். 1987இல் அவர் வரும்வரை ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணி ஒரு பிளேஆஃப் (நாக்அவுட்) சுற்றைக்கூடத் தாண்டவில்லை. 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஜோர்டான் பந்தை ஸ்டீவ் கெர்ரிடம் தள்ளினார். கெர் போட்டதில்தான் கோப்பை.
லெப்ரான்: 2013 இறுதித் தொடர், அதுவும் ஆறாவது ஆட்டம். அவர் எறிந்தது தவறியது. தவறி எகிறிய பந்தை (ரீபவுண்ட்) பாஷ் பிடித்தார். ரே ஆலன் மூலைக்குப் பின்னோக்கி ஓடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி எறிந்தார். 5.2 விநாடி மிச்சம், ஸ்கோர் சமன். அது விழாமல் போயிருந்தால் கோப்பை எதிரணி சான் அன்டோனியோவுக்கு.

அணி
ஜோர்டான் கோப்பை வென்றது ஒரே அணியில், லெப்ரான் மூன்று அணிகளில். மாறி மாறி ஜெயிப்பதே கடினம் என்பேன்.

ஒரே கோச்சிடம் பல வருடம் ஆடப்போகும் பள்ளிப் பிள்ளை ஜோர்டான் ஆட்டங்களைப் பார்க்கட்டும். பள்ளி, மாவட்டம், கல்லூரி என்று அணி மாறுபவருக்கு லெப்ரான். முதலில் 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடத்தில் கோப்பையைத் தீர்மானித்த மூன்று புள்ளியைப் போட்டது லெப்ரான் இல்லை, கூட ஆடிய கைரி இர்விங்.