"ஆயிரம் ரூபாய்தான் சார்" என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

பம்பரில் விரிசல், கதவில் சின்ன நெளிவு என்று காரை சர்வீஸ் சென்டரில் விடப் போகிறவர்கள், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் வயதான அப்பாவோ மாமாவோ தனியாகப் போய் வண்டியை விடுகிறவர் என்றால் அவருக்கும் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். என் அப்பாவுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். சர்வீஸ் சென்டரின் பெயரையோ இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையோ போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, மற்ற இடங்களிலும் இதே மாதிரி நடந்ததாகத் தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள்.

அப்பா திருச்சியில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். 2018-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். வாங்கியதிலிருந்து ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் தூணில் இடித்து ஓர் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. டிக்கி ஒழுங்காகத் திறக்கிறது, விளக்கெல்லாம் எரிகிறது. பார்க்க அசிங்கமாக இருந்ததே தவிர வேறு சேதம் இல்லை.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார், உங்க கையிலிருந்து ஆயிரம் ரூபாய்தான் போகும்" என்றிருக்கிறார். எஸ்டிமேட் போட வேண்டும் என்று சொல்லி ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல் மூன்றையும் வாங்கிக்கொண்டார். பூர்த்தி செய்யாத ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அப்புறம், "போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்று அதையும் வாங்கிக்கொண்டார். "பொண்ணுகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் தம்பி, அதுவரைக்கும் எதுவும் பண்ணிடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வந்தார். ஆனால் அன்று மாலையே கிளைம் பதிவாகிவிட்டது. அதற்கான எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில், பேங்க் விளம்பரங்களுக்கு நடுவே வந்து கிடந்தது. மறுநாள் அவர் போன் செய்தபோது, "வேலை ஆரம்பிச்சாச்சு சார், இனி நிறுத்த முடியாது" என்றார்கள். நிறுத்த முடியாது என்பது பொய். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று அப்பாவிடம் கேட்ட தொகை 7,500 ரூபாய். அவர் எனக்கு போன் செய்ய, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன்.

புது பின் பம்பர் 4,800. அதற்குப் பெயின்ட் 4,000. கழற்றி மாட்டும் கூலி 1,200. கிளிப், பசை மாதிரி சில்லறைச் சாமான்கள் 400. ஆக 10,400. இதில் இன்சூரன்ஸ் கொடுத்தது 6,100 மட்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதி விலைதான் கிடைக்கும், வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. பெயின்ட் வேலையில் மொத்தத் தொகையின் 25 சதவீதத்தைப் பெயின்ட்டின் விலை என்று வைத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். சில்லறைச் சாமான்களுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில், ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. இது 1,500 சிசி வரை உள்ள கார்களுக்கு, அதற்கு மேல் 2,000. அட்வைசர் சொன்ன "ஆயிரம் ரூபாய்" இந்தக் கட்டாயக் கழிவு மட்டும்தான். தேய்மானம், அதாவது பாகம் பழசானதற்காகக் கழிப்பது என்று ஒன்று இருப்பதையே அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. தகரப் பாகங்களுக்கும் தேய்மானம் உண்டு. ஆறு மாதம் வரை கழிவு இல்லை, பிறகு 5 சதவீதத்தில் தொடங்கி, வண்டிக்கு ஐந்து வயது தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50 என்று ஏறும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை.

சரி, இந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அப்பா கட்ட வேண்டியது 4,300தான். மீதி 3,200 எங்கிருந்து வந்தது? முன்பக்க இடது ஃபெண்டரில் ரொம்ப நாளாக ஒரு கோடு இருந்தது. யாரும் கேட்காமலேயே அதையும் பெயின்ட் அடித்து, இதே விபத்தில் வந்ததாகக் கிளைமில் சேர்த்திருக்கிறார்கள். பின் பம்பர் தூணில் இடித்தால் முன் ஃபெண்டரில் எப்படிக் கோடு விழும்? சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கிளைமிலிருந்து நீக்கிவிட்டார். அவர் நீக்கிய தொகையை அப்பாவின் பில்லில் ஏற்றிவிட்டார்கள்.

கிளைம் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கியபோது இன்னும் மோசமானது தெரிந்தது. அப்பா வெறுமனே கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தில், ரோட்டில் போகும்போது ஆட்டோ ஒன்று உரசியதாக எழுதியிருந்தார்கள். ஃபெண்டரையும் பம்பரையும் ஒரே விபத்தில் கோர்க்க அந்தக் கதை. கீழே இருப்பது அப்பாவின் கையெழுத்து. நாளைக்கு யாராவது விசாரித்தால் பொய் சொன்னவர் அவர்தான் என்று ஆகும். கிளைமில் பொய்த் தகவல் கொடுப்பது, கம்பெனி பணத்தையே மறுக்கக்கூடிய காரணம். நாற்பது வருஷம் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதி, ஒரு ரூபாய் பிசகாமல் வெளியே வந்த மனிதர் அவர். அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இவ்வளவு நீளமாக நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பணமில்லை, அதுதான்.

அடுத்த வாரம் திருச்சிக்குப் போனபோது வண்டியின் பின்னால் குனிந்து, பம்பரின் உட்பக்கத்தைப் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுப் பம்பர் என்றால் உட்புறம் சுத்தமான கறுப்பு பிளாஸ்டிக்காக இருக்கும், ஓரத்தில் மட்டும் பெயின்ட் தெளித்திருக்கும். இதில் பல வருஷச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. விரிசல் விட்டிருந்த ஓரத்தில், சூடு வைத்து ஒட்டிய தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. பழைய பம்பரையே ஒட்டிப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டு, புதுசுக்குப் பில் போட்டிருக்கிறார்கள். யார் வண்டியை எடுத்தாலும் கிளம்புவதற்கு முன் இந்த ஒன்றைச் செய்யுங்கள். பாகத்தை மாற்றியதாகச் சொன்னால், உட்பக்கத்தைப் பாருங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

பாலக்கரை பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் இதே விரிசலின் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். ஒட்டி, முழுப் பம்பருக்கும் பெயின்ட் அடித்துத் தர 3,500 ரூபாய் என்றார்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் என்சிபி, அதாவது கிளைம் போடாதவர்களுக்குத் தரும் தள்ளுபடி. ஒரு வருஷம் கிளைம் இல்லையென்றால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50. அதற்கு மேல் ஏறாது. ஓடி என்று சொல்லும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும்தான் இந்தத் தள்ளுபடி. மூன்றாம் நபர் பிரீமியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு சின்னத் தொகையானாலும் ஒரே ஒரு கிளைம் போட்டால் 50 படிப்படியாக இறங்காது, நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

அப்பாவின் ஓடி பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 7,200. பாதி கழிந்து 3,600 கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த புதுப்பித்தலில் தள்ளுபடி பூஜ்யம். அதற்குப் பிறகு எதுவும் நடக்காமல் இருந்தால் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொடும். ஆக வருஷா வருஷம் அவர் இழப்பது 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125. அதாவது ஒன்றேகால் வருஷத்து ஓடி பிரீமியம், 9,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 10,620. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் கொஞ்சம் குறையும் என்பதால் இதில் சில நூறுகள் குறையலாம். இன்சூரன்ஸிலிருந்து வந்ததோ 6,100, அதுவும் நேராக சர்வீஸ் சென்டருக்கு.

உங்கள் கணக்கையும் இப்படியே போடுங்கள். 50 சதவீதத்தில் இருப்பவர்கள், பாலிசித் தாளில் தள்ளுபடிக்கு முந்தைய ஓடி பிரீமியத்தைப் பார்த்து அதை ஒன்றரையால் பெருக்கினால் போதும், ஜிஎஸ்டி உட்பட கிட்டத்தட்ட சரியாக வரும். இப்போது 20-ல் இருப்பவர்களுக்கு இழப்பு ஓடி பிரீமியத்தில் 80 சதவீதம் அளவுக்கு வரும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இந்தத் தொகையை மொத்த பில்லோடு ஒப்பிடாதீர்கள். தேய்மானமும் கட்டாயக் கழிவும் போக இன்சூரன்ஸ் உண்மையில் தரும் தொகையோடு ஒப்பிடுங்கள். அட்வைசரிடம் கேட்க வேண்டியது இந்த ஒரு தொகையைத்தான், அதுவும் எழுத்தில்.

"எங்க பாலிசி ஜீரோ டெப், பம்பர் டு பம்பர்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஜீரோ டெப் என்பது கூடுதலாகப் பணம் கட்டி எடுக்கும் ஆட்-ஆன், அது தேய்மானக் கழிவிலிருந்து மட்டும்தான் காப்பாற்றும். என்சிபி போகத்தான் செய்யும். என்சிபி புரொடெக்ட் என்று தனியாக ஒரு ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் அது நிற்கும். அதிலும் வருஷத்துக்கு எத்தனை கிளைம் வரை என்று பாலிசியில் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். என்சிபி வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி, மூன்று வருஷத்துக்குள் புதுக் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் ஓடி பிரீமியம் 20,000 என்றால் முதல் வருஷமே 10,000 குறையும். அப்பா அடுத்த வருஷம் வண்டி மாற்றலாம் என்று இருந்தார். ஒரு பம்பர் விரிசலுக்காக அந்தச் சலுகையும் போய்விட்டது.

நாங்கள் சண்டை போட்டபோது அதே அட்வைசர் ஒரு யோசனை சொன்னார். "ரினியூவலுக்கு வேற கம்பெனிக்குப் போயிடுங்க, கிளைம் இல்லைன்னு போட்டா என்சிபி அப்படியே வந்துடும்." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால், பின்னால் பெரிய விபத்து நடக்கும்போது உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராமல் போகலாம்.

கிளைமே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் என்று போய்விட்டால் யோசிக்காமல் போடுங்கள், பிரீமியம் கட்டுவதே அதற்குத்தான். வேறு யாருக்காவது அடிபட்டிருந்தால் கணக்கே பார்க்கக் கூடாது, உடனே போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நபர் கேட்கும் இழப்பீட்டால் உங்கள் என்சிபி போகாது.

இப்போது அந்த "நிறுத்த முடியாது" விஷயம். கிளைம் பதிவானதால் மட்டும் என்சிபி போவதில்லை. பணம் கொடுக்கப்படாமல் மூடப்பட்டால் தள்ளுபடி நிற்கும். அதனால் நீங்கள் சம்மதிக்காமல் கிளைம் எஸ்எம்எஸ் வந்தால், அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் மெயிலுக்கு, கிளைம் எண்ணைப் போட்டு, இதைத் திரும்பப் பெறுகிறேன், பணம் எதுவும் வழங்காமல் மூடிவிடுங்கள் என்று எழுதுங்கள். மூடிவிட்டதாகப் பதில் வரும்வரை விடாதீர்கள். சர்வீஸ் சென்டரிடம் வாயால் சொல்வது எதற்கும் உதவாது. எஸ்டிமேட்டுக்கு ஓடிபி தேவையே இல்லை. வெறும் படிவத்தில் கையெழுத்தும் தேவையில்லை. கேட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கள் விஷயத்தில் நான் தெரிந்துகொள்வதற்குள் பணம் போய்விட்டது. பம்பர் உட்பக்கத்தின் போட்டோக்கள், பில், படிவ நகல் எல்லாவற்றையும் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினோம். விபத்து உண்மையில் எப்படி நடந்தது என்று அப்பா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். கம்பெனி ஆளை அனுப்பி வண்டியை மறு ஆய்வு செய்தது. அதன் பிறகு சர்வீஸ் சென்டர் புதுப் பம்பர் மாட்டிக் கொடுத்தது. ஃபெண்டருக்கு வாங்கிய 3,200-ம் திரும்பி வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. என்சிபியை மட்டும், பணம் கொடுத்த கிளைம் என்பதால் திருப்பித் தர முடியாது என்று கம்பெனி எழுதிவிட்டது.

அதனால் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகிறோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு முன் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்து வைப்பது நல்லது. அப்பாவின் மனுவைத் தமிழில்தான் எழுதியிருக்கிறோம். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.